நிறுத்தம் ஒருவருக்கு, பேருந்து இன்னொருவருக்கு

(மதுரையில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் போக்குவரத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி. படிக்கட்டில் தொங்காதே, சிக்னலை மதி, தலைக்கவசம் அணி என்று சொல்கிறோம். இவை தேவையானவைதான், சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் இவை எல்லாமே மாணவரைப் பார்த்துச் சொல்பவை. இன்று நான் பேச வந்தது வேறொரு கேள்வி. ஒரு நகரத்துக்கு எந்தப் போக்குவரத்து நல்லது என்பது தெரிந்திருந்தும், அது நடைமுறைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

தெரியும் என்று ஏன் சொல்கிறேன்? 2006ஆம் ஆண்டிலேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வெளிவந்துவிட்டது. சாலைகள் மனிதர்களின் பயணத்துக்காக, வண்டிகளுக்காக மட்டும் அல்ல என்பதே அதன் அடிப்படை. பொதுப் போக்குவரத்துக்கும் நடைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது அது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில், எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை நகரில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 14.6 லட்சத்துக்கு மேல். அந்தக் கொள்கை சொன்ன நகரங்களில் நம் ஊரும் ஒன்று.

பிறகு ஏன் தாமதம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வழக்கமாக வரும். பணம் இல்லை, மக்களிடம் ஒழுங்கு இல்லை, அதிகாரிகளுக்கு அக்கறை இல்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது வேலை பங்கிடப்பட்டிருக்கும் விதம். குடிமையியல் ஆசிரியர்கள் பேச வேண்டியது அதைத்தான்.

ஒரு பயணம், எத்தனை அலுவலகம்?

ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமம். பதினோராம் வகுப்பு. பள்ளி கோரிப்பாளையம் பக்கம். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு அவள் நடந்து வரும் தெரு ஊராட்சியைச் சேர்ந்தது. அவள் ஏறும் டவுன் பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. அந்த வழியில் தனியார் மினி பஸ் ஓடினால், அதற்கு அனுமதி தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பேருந்து ஓடும் சாலை ஓரிடத்தில் தேசிய நெடுஞ்சாலை, இன்னோரிடத்தில் மாநில நெடுஞ்சாலை, மற்றோரிடத்தில் மாநகராட்சிச் சாலை. சிக்னலும் ஒருவழிப் பாதையும் போக்குவரத்துக் காவல் துறையின் கையில். இறங்கியதும் நடக்க வேண்டிய நடைபாதை மாநகராட்சியுடையது. அதன் நடுவில் நிற்கும் மின்மாற்றி மின்வாரியத்துடையது. கையில் வைத்திருக்கும் இலவச பஸ் பாஸ் பள்ளி வழியாகப் போய், போக்குவரத்துக் கழகத்திலிருந்து வந்தது.

அந்தப் பெண்ணுக்கு இது ஒரே பயணம். அரசாங்கத்துக்கு இது ஏழெட்டுக் கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் பொறுப்பாளர் உண்டு. முழுப் பயணத்துக்கும் பொறுப்பாளர் யார்? அவள் முக்கால் மணி நேரம் காத்திருந்தால், எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் அது குறையாக ஏறாது. பேருந்து அட்டவணைப்படி வந்திருக்கும். சாலை விதிப்படி போடப்பட்டிருக்கும். சிக்னலும் எரிந்துகொண்டிருக்கும்.

எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். சாலைப் பணிக்காக ஒரு நிறுத்தம் தள்ளிப் போனது. பிள்ளைகள் பெரிய சாலையைக் குறுக்கே கடந்து வரவேண்டிய நிலை. மூன்று இடங்களுக்கு மனு எழுதினோம். ஓர் அலுவலகம், "நிறுத்தத்தை மாற்றியது நாங்கள் இல்லை" என்றது. இன்னொன்று, "பலகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கும்" என்றது. மூன்றாவது, "எங்கள் பணி சாலை மட்டும்தான்" என்றது. யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. மூன்று பதில்களும் விதிப்படி சரியானவை. சிக்கலே அதுதான். எல்லோரும் சரியாக இருந்தும் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் உள்ளாட்சி பற்றி நடத்துகிறோம். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் சொல்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். அடுத்த முறை நடத்தும்போது 17ஆவது பணியைக் கொஞ்சம் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் அதில் இருக்கும். பேருந்து நிறுத்தம் இருக்கிறது, பேருந்து இல்லை! "ஏன் சார் இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் வெற்றி.

பேருந்து மாநில அரசின் கழகத்திடம் இருப்பதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் பேருந்துகள் ஓடிய ஊர் இது. பிறகு பேருந்துகள் அரசுடைமையாகி, 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அதுவே இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம். உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் குக்கிராமங்களுக்குப் பேருந்து போனது இதனால்தான். லாபம் மட்டுமே கணக்கு என்றால் பல ஊர்களுக்கு வண்டி வந்திருக்காது. நம்மில் பலர் கல்லூரி போனதும் அந்தப் பேருந்தில்தான். ஆகவே, கழகத்தைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. நகரத்தைத் திட்டமிடுபவரும் பேருந்தைத் திட்டமிடுபவரும் ஒரே மேசையில் உட்காரும் கட்டாயம் எங்கும் எழுதப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இதன் விளைவை நம் பேருந்து நிலையங்களிலேயே பார்க்கலாம். 1999இல் மாட்டுத்தாவணி வந்தது. நகரின் நடுவில் நெரிசல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் தேனியிலிருந்து வருபவர் ஆரப்பாளையத்தில் இறங்குகிறார்; அவர் திருச்சி போக வேண்டுமானால் மாட்டுத்தாவணி வர வேண்டும். இடையில் வைகையையும் ஊரையும் தாண்ட வேண்டும். வெளியூர்ப் பேருந்து நின்ற இடத்திலிருந்து உள்ளூர்ப் பயணம் தொடங்குகிறது. அந்த இடைவெளியை நிரப்பியது ஷேர் ஆட்டோ.

ஷேர் ஆட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோவுக்குக் கொடுக்கப்படும் அனுமதி ஒப்பந்த வாகன அனுமதி. ஒருவர் வாடகைக்கு எடுத்து, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கானது. வழியெல்லாம் நின்று ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றுவதற்கு அந்த அனுமதி பொருந்தாது. ஆனால் அது இல்லாமல் ஊரும் இயங்காது. சட்டப்படி இல்லாத ஒன்றை யாரும் திட்டத்தில் சேர்க்க முடியாது. அதற்கு நிறுத்தம் ஒதுக்க முடியாது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணவும் முடியாது. அன்றாடம் நம் பிள்ளைகள் ஏறும் வண்டி, நகரத்தின் கணக்கில் இல்லை. தனியார் மினி பஸ்களுக்கு 2025இல் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பேருந்து போகாத இடங்களுக்கு அது முறையாகப் போய்ச் சேர்ந்தால், இந்த இடைவெளியில் ஒரு பகுதியாவது அடையும்.

கட்டுவது எளிது, ஓட்டுவது கடினம்

அடுத்த தடை, பணம் வரும் வழி. 2023 ஏப்ரலில் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள உயர்மட்டப் பாலம் திறக்கப்பட்டது. கட்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். மேலமடையிலும் கோரிப்பாளையத்திலும் பாலப் பணிகளை எடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறை. பெரியார் பேருந்து நிலையம் பொலிவுறு நகரத் திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. பாலமும் கட்டடமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒருமுறை நிதி ஒதுக்கினால் போதும். திறப்பு விழாவும் உண்டு.

காலை ஏழரைக்கு ஒரு டவுன் பஸ்ஸைக் கூடுதலாக விடுவதற்குத் திறப்பு விழா கிடையாது. ஓட்டுநர், நடத்துநர், டீசல், டயர் என்று அன்றாடம் செலவு. கட்டணத்தை முடிவு செய்வது அரசு. 2018 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தபோது எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே ஓரளவு குறைக்கப்பட்டது நினைவிருக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் வேலைக்குப் போக இது எவ்வளவு உதவியிருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கட்டணத்தை அரசு கழகத்துக்கு ஈடு செய்கிறது. ஆனால் ஒரு வழித்தடத்துக்கு இன்னும் இரண்டு வண்டி வேண்டும் என்றால், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கட்டுவதற்குத் தலைப்பு இருக்கிறது, ஓட்டுவதற்குத் தலைப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

சைக்கிளும் இதே கதைதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. நாம்தான் வரிசையாக நிறுத்தி, கையொப்பம் வாங்கிக் கொடுக்கிறோம். உலகத்தில் பல நாடுகள் வியக்கக்கூடிய திட்டம் இது. ஆனால் அந்தச் சைக்கிள் மேலூர் சாலையில் எந்த ஓரத்தில் போக வேண்டும்? கொடுப்பதற்கு ஓர் ஆணை இருக்கிறது; ஓட்டுவதற்கு ஓர் அகலம் ஒதுக்கப்படவில்லை. பயந்துபோன பெற்றோர் சைக்கிளைப் பூட்டி வைக்கிறார்கள். சில வீடுகளில் பதினாறு வயதுப் பையன் அண்ணனின் பைக்கை எடுக்கிறான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இந்தச் சட்டத்தைப் பெற்றோர் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள். அதே கூட்டத்தில், அந்தப் பையன் ஏன் பைக்கை எடுத்தான் என்றும் கேட்க வேண்டும்.

எல்லைக் கோடும் எண்ணிக்கையும்

மதுரை மெட்ரோவைப் பற்றிக் கேட்பீர்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்குத் திட்ட அறிக்கை தயாரானது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையையும் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவையும் காரணமாகக் காட்டியது. சிறிய நகரங்களுக்கும் கிடைத்திருக்கிறதே என்று ஒரு தரப்பு கேட்டது. இப்போதைய தேவைக்குப் பேருந்தே போதும் என்று இன்னொரு தரப்பு சொன்னது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலை இல்லை. வகுப்பறையில் இரண்டு பக்கமும் விவாதிக்கலாம்.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது இரண்டு. முதலாவது, அந்தத் தடத்தின் ஒரு முனை திருமங்கலம் நகராட்சி. மறுமுனை ஒத்தக்கடை ஊராட்சி. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகவும், சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. அப்போதும் மக்களின் அன்றாடப் பயணம் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. அலங்காநல்லூரிலும் சோழவந்தானிலும் சிலைமானிலும் விடிகாலையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு மாநகராட்சி எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு நகரத்தின் பெரிய முடிவு, 2011இல் எடுத்த கணக்கைச் சுற்றி நடந்தது. அந்தக் கணக்கை எடுத்தது யார்? நாம்தான். வீடு வீடாகப் படியேறிப் படிவம் நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கிறது. கணக்கெடுப்புப் பணி வரும்போது நமக்கு அலுப்பு வருவது இயல்பு. ஆனால் நாம் விட்டுவிடும் ஒரு வீடு, பின்னால் ஒரு பேருந்தாகவோ ஒரு பள்ளியாகவோ நம் ஊருக்குக் குறையக்கூடும்.

நம் துறையும் ஒரு கதவுதான்

மற்ற துறைகளைச் சொல்லிவிட்டு நம் துறையைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்ட விதிகள், தொடக்க வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. எட்டாம் வகுப்பு வரை கால் போதும். ஒன்பதாம் வகுப்பில் சேர்வது பல கிராமங்களில் பேருந்தைப் பொறுத்தது. பெண் பிள்ளையாக இருந்தால், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பொறுத்தது. இடைநிற்றல் பதிவேட்டில் "குடும்பச் சூழல்" என்று எழுதுகிறோமே, அதில் எத்தனை "பஸ் சூழல்" என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

அருகருகே மூன்று பள்ளிகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரே பேருந்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கட்டில் நிற்கிறார்கள். மாலைச் சிறப்பு வகுப்பு நேரத்தை முடிவு செய்யும்போது, தேர்வு அட்டவணையைப் பார்க்கும் அளவுக்குப் பேருந்து அட்டவணையைப் பார்க்கும் வழக்கம் எங்கும் இல்லை. இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

திருவிழா மேசை

இவ்வளவையும் சொன்னால், அரசாங்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றலாம். இல்லை. நம் ஊரிலேயே ஆண்டுக்கு ஒருமுறை அது மாறுகிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு முன் மாவட்ட ஆட்சியர் எல்லாத் துறைகளையும் அழைக்கிறார். வைகை அணையில் தண்ணீர் திறப்பதைப் பொதுப்பணி, நீர்வளத் துறையினர் பார்க்கிறார்கள். மாசி வீதிகளில் தேர் போக மின்வாரியம் கம்பிகளைக் கவனிக்கிறது. மாநகராட்சி தெருவைச் செப்பனிடுகிறது. காவல் துறை பாதையை மாற்றுகிறது. போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது. அழகர் அழகர்கோவிலில் கிளம்பி ஆற்றில் இறங்கித் திரும்பும் வரை, வழியில் எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று யாரும் சொல்லி ஒதுங்குவதில்லை. குறைகள் உண்டு, கூட்டம் கட்டுமீறும் ஆண்டுகளும் உண்டு. ஆனால் பல லட்சம் பேர் நடக்கிறார்கள், திரும்புகிறார்கள். அங்கே முழுப் பயணத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அழகரின் பயணத்துக்குக் கூடும் மேசை, ஆண்டின் மற்ற நாட்களில் பிள்ளைகளின் பயணத்துக்கும் கூட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

வெளியூர்களில் இதைச் சட்டமாகவே செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வாகனப் பதிவு, ரயில், சாலை, போக்குவரத்துத் திட்டம் என்று பிரிந்திருந்த நான்கு அமைப்புகளை 1995இல் ஒன்றாக்கி நிலப் போக்குவரத்து ஆணையத்தை அமைத்தார்கள். லண்டனில் 2000ஆம் ஆண்டில் மேயரின் கீழ் ஒரே அமைப்பு வந்தது. சென்னைக்கு 2010இலேயே ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 2019இல்; குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022இல். சட்டம் எழுதுவதும் மேசையைப் போடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்புக்குக் கிடைக்காது.

நாம் செய்யக்கூடியது

பெரிய சீர்திருத்தம் நம் கையில் இல்லை. ஆனால் மூன்று காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, பயணத் தாள். ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரம் எழுத வேண்டும்: வீட்டிலிருந்து கிளம்பிய நேரம், நிறுத்தத்தில் காத்திருந்த நேரம், ஏறிய வண்டி, கடந்த சாலை, பள்ளி வந்த நேரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தெருவைப் படமாக வரையட்டும். எட்டாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் சராசரி காத்திருப்பைப் போட வைக்கட்டும். தமிழாசிரியருக்கு உண்மையான ஒரு முறையீட்டுக் கடிதம் கிடைக்கும்.

இரண்டு, அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த அலுவலகம் என்று ஒன்பதாம் வகுப்பு எழுதட்டும். உள்ளாட்சிப் பாடத்துக்கு இதைவிடச் செயல்பாடு வேண்டியதில்லை. இரண்டு அலுவலகம் வரும் வரியும் எவரும் வராத வரியும்தான் முக்கியம். பிள்ளைகள் அங்கே வட்டம் போடட்டும்.

மூன்று, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். பெற்றோரும் உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினராக உள்ள குழு அது. சட்டம் தந்த குழு. ஐந்து அலுவலகத்துக்கு ஐந்து மனு அனுப்பினால் ஐந்து சரியான பதில்கள் வரும். அதனால் ஒரே மனுவை எழுதி, எல்லோருக்கும் நகல் அனுப்பி, ஒரே நாளில் கூட்டுக் கள ஆய்வு கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, உள்ளாட்சி எல்லாம் உட்காரும் மேசை அது. ஏற்கெனவே போடப்பட்ட அந்த மேசையில் நம் பயணத் தாளையும் வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் நிறுத்தம் விஷயத்தில் கடைசியில் பயன்பட்டதும் இந்த வழிதான். பிள்ளைகள் வரைந்த படத்தோடு ஒரே மனு போனது. மூன்று துறையினரும் ஒரு காலையில் சாலையோரம் ஒன்றாக வந்து நின்றார்கள். பேச்சு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நிறுத்தம் பழைய இடத்துக்கு வரவில்லை. ஆனால் பள்ளி நேரத்தில் கடக்க ஒரு காவலரும் சாலையில் வெள்ளைக் கோடும் வந்தன. பாதி வெற்றிதான். அந்த அரை மணி நேரம் எதிர்பாராமல் கிடைத்தது. அதை எல்லாப் பள்ளிக்கும் வழக்கமாக்குவதுதான் கொள்கை.

வரும் திங்கட்கிழமை ஒரு வகுப்பில் பயணத் தாளைத் தொடங்குங்கள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளியின் தாள்களைக் கையில் கொண்டு வாருங்கள். ஒரே வழித்தடத்தில் இருக்கும் பள்ளிகள் சேர்ந்து உட்கார்ந்து, எந்த வண்டியை எத்தனை மணிக்குக் கேட்கலாம் என்று பேசுவோம்.